மண்டை ஓட்டுக்குள் யாருக்குப் பாத்தியம்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் பலருக்குப் புதிதாகவும், சிலருக்கு "இது எதற்கு இந்த மேடையில்?" என்று தோன்றுவதாகவும் இருக்கக்கூடும். நம் கூட்டம் என்றால் கோவிலைப் பற்றியும், சாதியைப் பற்றியும், திதி திவசங்களைப் பற்றியும் பேசுவார்கள் என்று எதிர்பார்த்து வருகிறவர்களே அதிகம். மூளைக்குள் ஓடும் மின்சாரத்தைப் பற்றியும், எச்சிலில் இருக்கும் பரம்பரை விவரத்தைப் பற்றியும், அவைகளை வியாபாரிகளிடமிருந்து காப்பாற்ற அன்னிய தேசங்களில் செய்யப்பட்டிருக்கும் சட்டங்களைப் பற்றியும் சுயமரியாதைக்காரனுக்கு என்ன கவலை என்று கேட்கலாம். கவலை உண்டு என்பதுதான் நமது அபிப்பிராயம். எப்படியென்று சொல்லுகிறோம்.

நம் ஜனங்களுக்குச் சிறு பிள்ளை முதல் என்ன சொல்லிக்கொடுக்கப்பட்டு வந்திருக்கின்றது? நீ வாயால் சொல்லாவிட்டாலும் மனதில் நினைப்பதெல்லாம் மேலே ஒருவனுக்குத் தெரியும். சித்திரகுப்தன் என்று ஒரு கணக்குப்பிள்ளை அதையெல்லாம் ஏட்டில் எழுதி வைத்திருக்கிறான். செத்த பிறகு அந்த ஏட்டைப் பிரிப்பார்கள் என்பதுதானே? அந்த ஏட்டைக் கண்ணால் பார்த்தவன் ஒருவனும் இல்லை. ஆனால் அந்த ஏட்டைச் சொல்லிப் பயமுறுத்தி அரிசியும் பருப்பும் தட்சணையும் வாங்கிக்கொண்டு போனவர்கள் ஏராளம். அது புரட்டு என்று நாம் சொல்லி வந்தோம், இன்றும் சொல்லுகிறோம். ஆனால் தோழர்களே, இப்போது மெய்யாகவே ஒரு கணக்குப்பிள்ளை வந்து உட்கார்ந்திருக்கிறான். அவன் எமலோகத்தில் இல்லை. கம்பெனி வைத்திருக்கிறான். அவன் ஏட்டில் உள்ளதை விலைக்கு விற்கவும் செய்வான்.

இந்த விஷயத்தின் பூர்வ கதையே வேடிக்கையானது. ஜெர்மனி தேசத்தில் ஜேனா என்கின்ற ஊரில் ஹான்ஸ் பெர்கர் என்று ஒரு வைத்தியர் இருந்தார். வாலிபத்தில் பட்டாளத்தில் இருந்தபோது குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு அடியில் போகவிருந்து மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே வெகு தூரத்திலிருந்த அவருடைய சகோதரிக்கு ஏதோ ஆபத்து என்று மனதில் பட்டதாம். தகப்பனாரை விட்டுத் தந்தி அடிக்கச் சொன்னாளாம். நம் ஊராயிருந்தால் இதற்கு ஒரு கோவில் கட்டி, வருஷா வருஷம் உற்சவமும் நடத்தியிருப்பார்கள். அந்த மனிதரும் முதலில் ஒரு மனதிலிருந்து இன்னொரு மனதுக்கு ஏதோ சக்தி பாய்கின்றது என்றுதான் நம்பினார். ஆனால் நம்பியதோடு நிற்காமல், அப்படி ஒன்று இருந்தால் அதை அளந்து பார்க்கவேண்டும் என்று கருவியை எடுத்தார். 1924ல் முதன்முதலாக மனிதன் மண்டையில் மின் அலைகளைப் பதிவு செய்தார். 1929ல் அதை அச்சிட்டு வெளியிட்டார். மனோசக்தி அகப்படவில்லை. மின்சாரம்தான் அகப்பட்டது. அதுவும் ஒரு வோல்ட்டைப் பத்து லட்சம் பங்காகப் பிரித்தால் அதில் சில பத்துப் பங்கு. அதுதான் இன்று ஆஸ்பத்திரிகளில் காக்காய் வலிப்புக்காரருக்கு எடுக்கும் ஈ.ஈ.ஜி. நம்பிக்கையை அளந்து பார்த்தால் என்ன மிஞ்சும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

அந்தக் கருவி இன்று ஆஸ்பத்திரியை விட்டுக் கடைக்கு வந்துவிட்டது. தலையில் மாட்டிக்கொள்ளும் பட்டையாகவும், காதில் வைக்கும் குமிழாகவும் விற்கிறார்கள். நன்றாகத் தூங்கலாம், மனதை ஒரு நிலைப்படுத்தலாம், தியானம் கைகூடும் என்று விளம்பரம். (தியானத்தை விடாமல் இதிலும் கொண்டுவந்து நுழைத்துவிட்டார்கள் பாருங்கள்!) வைத்தியக் கருவியாயிருந்தால் வைத்தியச் சட்டம் கட்டுப்படுத்தும். இதுவோ சாமான் என்ற பெயரால் விற்கப்படுவதால் அந்தச் சட்டம் கிட்ட நெருங்குவதில்லை. மூளையில் எடுத்த விவரம் செல்போன் வழியாகக் கம்பெனியின் கிடங்குக்குப் போய்விடுகின்றது. அமெரிக்காவில் மூளை உரிமைகளுக்காக வேலை செய்யும் நியூரோரைட்ஸ் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனம் 2024ல் இப்படிப்பட்ட 30 கம்பெனிகளின் நிபந்தனைப் பத்திரங்களைப் படித்துப் பார்த்தது. அவைகளில் 29 கம்பெனிகள், வாங்கினவருடைய மூளை விவரத்தைத் தாங்கள் எடுத்தாளுவதற்கு உருப்படியான வரம்பு எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று கண்டது.

இந்த இடத்தில் நாம் இரண்டு பக்கத்துப் புளுகையும் ஒதுக்கிவிடவேண்டும். பட்டையை மாட்டினால் மனதில் நினைத்த வார்த்தை அப்படியே எழுதிவிடும் என்று ஒருவன் சொன்னால், அவன் தாயத்து விற்பவனுக்குத் தம்பி. அப்படி ஒன்றும் இன்று இல்லை. 2023ல் அமெரிக்காவில் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தார் ஒருவர் காதால் கேட்கும் கதையின் சாரத்தை மூளைப் படத்திலிருந்து ஒருவாறு எடுத்துக் காட்டினார்கள். அதற்கு அந்த ஆள் ஒரு பெரிய ஸ்கேன் யந்திரத்துக்குள் சுமார் 16 மணி நேரம் படுத்து அதைப் பழக்கவேண்டியிருந்தது. ஒருவருக்குப் பழக்கினது இன்னொருவருக்கு உதவவில்லை. ஒத்துழைக்க மனமில்லாதவன் வேறு எதையாவது நினைத்துக்கொண்டிருந்தால் அது தோற்றது. அதே வருஷத்தில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார், நரம்பு நோயால் பேச்சுப் போன ஒரு பெண்மணியின் மூளையில் சிறு கருவியைப் பதித்து, அவர் பேச முயன்றதை நிமிஷத்துக்கு 62 வார்த்தை வீதம் எழுத்தாக்கினார்கள். இது எந்த மகானும் செய்யாத காரியம். ஊமையைப் பேசவைத்ததாகப் புராணம் சொல்லுவான். விஞ்ஞானிதான் செய்து காட்டினான். ஆகவே நாம் விஞ்ஞானத்துக்கு விரோதமாகப் பேசவரவில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளவேண்டும்.

மற்றொரு பக்கத்துப் புளுகு என்னவென்றால், "இந்தச் சின்னப் பட்டையால் என்ன தெரிந்துவிடப் போகிறது, பயப்படாதே" என்பது. 2012லேயே ஆராய்ச்சிக்காரர்கள் சிலர், விளையாட்டுக்காக விற்ற மலிவான மூளைப் பட்டை ஒன்றை மாட்டிவிட்டு, எதிரே பாங்கிகளின் படங்களையும், இலக்கங்களையும், முகங்களையும் மாறி மாறிக் காட்டினார்கள். தெரிந்த ஒன்றைக் கண்டதும் மூளையில் ஒரு அலை எழும்பும். அதை வைத்து அவன் எந்தப் பாங்கியில் கணக்கு வைத்திருக்கிறான், எந்த வட்டாரத்தில் குடியிருக்கிறான் என்பதைக் குருட்டாம்போக்கில் சொல்லுவதைவிட மேலாக ஊகிக்க முடிந்தது. மேலும், இன்று அர்த்தம் தெரியாத பதிவுக்குப் பத்து வருஷம் கழித்து அர்த்தம் தெரியலாம். பதிவோ கம்பெனியிடம் இன்றைக்கே போய்விட்டது. பூட்டுக்கு இன்னும் சாவி அகப்படவில்லை என்பதற்காகப் பெட்டியை யாராவது திருடன் வீட்டில் கொண்டுபோய் வைப்பானா?

மூளை விவரத்தில் இனிமேல் என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள, எச்சில் விவரத்தில் இதுவரை என்ன நடந்தது என்று பார்த்தால் போதும். அமெரிக்காவில் 23அண்ட்மீ என்று ஒரு கம்பெனி. ஒரு குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் உன் முன்னோர் எந்தெந்தத் தேசத்தார், உனக்கு என்னென்ன வியாதி வரக்கூடும் என்று எழுதி அனுப்புவார்கள். நம் ஊரில் நாடி ஜோசியன் ஓலையைப் பார்த்துச் சொல்லுவதாகப் பாசாங்கு செய்கிறானே, அது பொய். இதில் ஓரளவு மெய் இருக்கின்றது. அதனால்தான் இது அதைவிட ஆபத்து. சுமார் 150 லட்சம் பேர் பணமும் கொடுத்து எச்சிலையும் கொடுத்தார்கள். 2023ல் திருடர்கள் புகுந்து 69 லட்சம் பேருடைய விவரங்களை எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்ததை எப்படி விலைக்கு வைத்தார்கள் தெரியுமா? யூத வம்சத்தார் ஒரு ஜாபிதா, சீன வம்சத்தார் ஒரு ஜாபிதா என்று பிரித்து வைத்தார்கள்! பிறப்பைக் கொண்டு மனிதனைப் பட்டியல் போட்டு வைப்பதால் என்ன கேடு வரும் என்பதை நமக்கு யாரும் வெளியூரிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. யூதர்களுக்கும் சொல்லவேண்டியதில்லை.

கதை அதோடு முடியவில்லை. 2025 மார்ச்சு மாதத்தில் அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டது. திவாலானவன் வீட்டில் அண்டா குண்டாவை ஏலம் போடுவதுபோல் ஜனங்களின் பரம்பரை விவரமும் ஏலத்துக்கு வந்தது. ஒரு மருந்துக் கம்பெனி 25 கோடியே 60 லட்சம் டாலருக்குக் கேட்டது. கடைசியில் அதே கம்பெனியை ஆரம்பித்தவர்களில் ஒருவரான அன் வோஜ்சிக்கி என்பவர், லாப நோக்கமில்லாதது என்று ஒரு ஸ்தாபனத்தை ஏற்படுத்தி, 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு எடுத்துக்கொண்டார். இருபத்தைந்துக்கு மேற்பட்ட மாகாணங்களின் சர்க்கார்கள், ஆட்களின் சம்மதமில்லாமல் இதை விற்கக்கூடாது என்று கோர்ட்டுக்குப் போயும் விற்பனை நின்றபாடில்லை. எச்சில் துப்பாத அண்ணன், தம்பி, பிறக்கப் போகும் பேரன் இவர்களுடைய விவரமும் அந்தக் குழாயிலேயே அடங்கியிருக்கின்றது. அவர்களை யார் கேட்டார்கள்?

இல்லினாய் மாகாணத்தார் இதை முன்னாலேயே கண்டவர்கள். அங்கே மளிகைக் கடைகளில் விரல் ரேகை வைத்தால் பணம் பாங்கியிலிருந்து போகும்படி ஏற்பாடு செய்த ஒரு கம்பெனி 2007 கடைசியில் திவாலாயிற்று. விரல் ரேகைகளெல்லாம் என்ன ஆகும் என்று ஜனங்கள் பயந்தார்கள். 2008ல் சட்டம் செய்தார்கள். எழுத்து மூலம் சம்மதமில்லாமல் ரேகையோ முகத்தின் அளவோ எடுக்கக்கூடாது. அதை விற்று லாபம் அடையக்கூடாது. மீறினால் பாதிக்கப்பட்டவனே நேராகக் கோர்ட்டுக்குப் போகலாம், கவனக் குறைவுக்கு 1,000 டாலர், வேண்டுமென்றே செய்தால் 5,000 டாலர் என்று வைத்தார்கள். அந்தச் சட்டத்தின் பலத்தினால்தான் பேஸ்புக் கம்பெனி, கேட்காமல் முகங்களை அளந்ததற்காக 65 கோடி டாலர் கொடுத்து ராஜியாகவேண்டி வந்தது. சர்க்கார் உத்தியோகஸ்தர் மனம் வைக்கும்வரை காத்திருக்காமல் சாதாரண மனிதன் கையிலேயே தடியைக் கொடுத்த சட்டம் அது. அதனாலேயே முதலாளிகளுக்கு அதன்மேல் அவ்வளவு ஆத்திரம்.

இனி மூளைக்கு வருவோம். இதில் முதலில் விழித்துக்கொண்ட தேசம் தென்னமெரிக்காவிலுள்ள சிலி. 2021ல் தங்கள் அரசியல் சட்டத்தையே திருத்தி, விஞ்ஞான வளர்ச்சி மனிதர்களின் சேவைக்காகவே இருக்கவேண்டும், மூளையின் இயக்கத்தையும் அதிலிருந்து கிடைக்கும் விவரத்தையும் சட்டம் விசேஷமாகக் காப்பாற்றவேண்டும் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்குப் பாடுபட்டவர்களில் ஒருவரான செனட்டர் கீதோ ஜிரார்தி, பதவிக் காலம் முடிந்த பிறகு, எமோடிவ் என்னும் கம்பெனியின் தலைப்பட்டையை வாங்கி மாட்டிக்கொண்டு, தமது மூளை விவரம் கம்பெனியின் கிடங்கில் போய்ச் சேர்ந்ததைக் கண்டு வழக்குத் தொடர்ந்தார். 2023 ஆகஸ்டில் அந்நாட்டு உயர்தரக் கோர்ட்டு நீதிபதிகள் ஒருமனதாக அந்த விவரத்தை அழித்துவிடும்படி உத்தரவு போட்டார்கள். மூளை விவரத்தைப் பற்றி உலகத்தில் ஒரு நாட்டு உயர்தரக் கோர்ட்டு சொன்ன முதல் தீர்ப்பு என்று இதைச் சொல்லுகிறார்கள்.

அடுத்தபடியாக அமெரிக்காவில் கொலராடோ மாகாணம். 2024 ஏப்ரல் 17ந் தேதி கவர்னர் ஜாரட் போலிஸ் கையெழுத்திட்டார். கீழ்ச் சபையில் எதிர்த்தவர் ஒரே ஒருவர். மேல் சபையில் ஒருவருமில்லை. அந்த மாகாணத்தில் 2021லேயே இருந்த அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்தில் மதம், வியாதி இவைபோல விசேஷக் காவல் வேண்டிய விவரங்கள் என்று ஒரு வரிசை உண்டு. அந்த வரிசையில் உடலியல் விவரத்தையும், அதற்குள் மூளை நரம்பு விவரத்தையும் சேர்த்தார்கள். இதனால் என்ன பலன் என்றால், கம்பெனிக்காரன் முன்னாலேயே சம்மதம் வாங்காமல் அந்த விவரத்தைத் தொடக்கூடாது. அதே வருஷம் செப்டம்பரில் கலிபோர்னியாவும் சட்டம் செய்தது. ஆனால் அங்கே பெரும்பாலும் முதலில் எடுத்துக்கொள்ளலாம், வேண்டாதவன் பின்னால் சொல்லி வரம்பு கட்டிக்கொள்ளலாம் என்ற மாதிரி. கேட்டுவிட்டு வீட்டுக்குள் வருவதற்கும், வந்து உட்கார்ந்துகொண்டு "வேண்டாமென்றால் சொல்" என்பதற்கும் எவ்வளவு வித்தியாசம் இருக்கிறதோ அவ்வளவு வித்தியாசம் இந்த இரண்டுக்கும்.

கொலராடோ சட்டத்தை மெச்சவேண்டியதுதான். ஆனால் மெச்சுவதற்கு முன் எழுத்து எழுத்தாகப் படிக்கவேண்டும். உடலியல் விவரம் என்பதற்கு அவர்கள் எழுதியிருக்கும் பொருளின் வாலில், ஆளை இன்னார் என்று அடையாளம் காண உபயோகப்படுவதோ, அப்படி உபயோகிக்க உத்தேசித்ததோ என்று ஒரு வார்த்தை வைத்திருக்கிறார்கள். மூளை விவரத்தை எடுக்கிறவன் எவன் அடையாளம் காண எடுக்கிறான்? அடையாளம்தான் பணம் கொடுக்கும்போதே தெரிந்துவிட்டதே! அவன் எடுப்பது உன் கவனம் எதில் போகிறது, எதில் ஆசை, எதில் அலுப்பு என்று பார்க்க. "நாங்கள் அடையாளத்துக்காக எடுக்கவில்லை" என்று சொல்லி அந்த வாலைப் பிடித்துக்கொண்டு அவன் கரையேற இடமிருக்கின்றது. இரண்டாவது, இல்லினாய் சட்டத்தைப்போல் பாதிக்கப்பட்டவன் தானே வழக்குப்போட இதில் வழியில்லை. சர்க்கார் வக்கீல்தான் போடவேண்டும். மூன்றாவதுதான் நமக்கு முக்கியம். இந்தச் சட்டம் காப்பாற்றுவது சாமான் வாங்குகிறவனை. எஜமானிடத்தில் வேலை செய்கிறவன், அந்த வேலை சம்பந்தப்பட்டவரை, இந்தச் சட்டத்தின் கண்ணில் வாங்குகிறவன் அல்ல.

காசு கொடுத்துப் பட்டையை மாட்டுகிறவனுக்கு ஆயிரம் ரூபாய் மிச்சமிருக்கின்றது. வேண்டாமென்றால் கழற்றி எறிந்துவிடுவான். சம்பளத்துக்காக மாட்டுகிறவன் கழற்றமுடியுமா? சீனாவில் தொழிலாளர் தொப்பிக்குள் மூளை அலை பார்க்கும் கருவி வைத்திருக்கிறார்கள் என்று 2018ல் பத்திரிகைகளில் வந்தது. 2019ல் அங்கே ஜெஜியாங் மாகாணத்தில் ஒரு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் நெற்றியில் பட்டை கட்டினார்கள். பாடத்தில் கவனமிருந்தால் ஒரு நிறத்தில் விளக்கு எரியும். கவனம் சிதறினால் வேறு நிறத்தில் எரியும். கணக்கு வாத்தியாருக்கும் பெற்றோருக்கும் போகும். ஜனங்கள் கூச்சல் போட்ட பிறகு நிறுத்தினார்கள். ஜன்னலுக்கு வெளியே காக்காயைப் பார்த்துக்கொண்டிருக்கும் உரிமைகூட இல்லாமல் வளரும் பிள்ளை, பெரியவனானதும் யாரை எதிர்த்துக் கேள்வி கேட்கப் போகிறான்? கேள்வி முதலில் மனதில்தானே பிறக்கவேண்டும்?

இப்போது சம்மதம் என்கின்ற வார்த்தைக்கு வருவோம். எல்லாச் சட்டமும் இந்த ஒரு முளையில்தான் கட்டப்பட்டிருக்கின்றது. சம்மதம் எப்படி வாங்குகிறார்கள்? செல்போனில் நாற்பது பக்கத்துக்கு எழுதி, கீழே "ஒப்புக்கொள்ளுகிறேன்" என்று ஒரு பொத்தான். இதை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கவில்லையா? கல்யாணப் பந்தலில் புரோகிதர் தனக்கும் தெரியாத, மாப்பிள்ளைக்கும் தெரியாத பாஷையில் ஏதோ சொல்லுவார். மாப்பிள்ளையும் திருப்பிச் சொல்லுவான். என்ன சொன்னோம் என்று இன்றுவரை அவனுக்குத் தெரியாது. அது வேண்டாம், புரிகிற பாஷையில் ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்ளுவதாகச் சொன்னால் போதும் என்று நாம் நாற்பது வருஷம் போராடி, 1967ல் சட்டமாகவே வந்தது. கட்சிக்காரர்களுக்குப் புரிகின்ற எந்த பாஷையிலும் சொல்லலாம் என்று அதில் எழுதியே இருக்கின்றது. இந்த 2023 வருஷத்திய இந்தியத் தனிநபர் விவரப் பாதுகாப்புச் சட்டத்திலும், சம்மதம் கேட்கும் அறிவிப்பை இங்கிலீஷிலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது ஜாபிதாவிலுள்ள 22 பாஷைகளில் எதிலுமோ, தமிழ் உட்பட, படிக்க வசதி செய்யவேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் புரிந்தால் மட்டும் போதாது. "மாட்டேன்" என்று சொன்னால் நஷ்டமில்லாமல் இருக்கவேண்டும். பெண்ணுக்கு மந்திரம் புரிந்தாலும், மறுத்தால் வீட்டை விட்டுத் துரத்துவார்கள் என்றிருந்தால் அது என்ன சம்மதம்?

"நான் ஒழுங்கானவன், எனக்கு மறைப்பதற்கு ஒன்றுமில்லை" என்று சில பெரியவர்கள் சொல்லுகிறார்கள். ரொம்ப சந்தோஷம். அப்படியானால் உங்கள் வீட்டுக் கதவைக் கழற்றிக் கொடுங்கள், விறகுக்காகும்! மறைப்பது குற்றவாளியின் குணம் என்று சொல்லிக் கொடுத்ததே கோவில்காரனும் ராஜாவும்தான். நம் நாட்டில் சாதிப் பெயரைப் பெயரோடு ஒட்டுவதை விட்டவர்கள் எதை மறைத்தார்கள்? குற்றத்தையா? எதிரி கையில் பிடி கொடுக்க மறுத்தார்கள்.

நம் தேசத்தில் மூளையை நோண்டிப் பார்ப்பது வியாபாரியால் ஆரம்பிக்கவில்லை, போலீசால் ஆரம்பித்தது. 2008ல் புனாவில் ஒரு கொலை வழக்கில், குற்றம் சாட்டப்பட்ட பெண்ணின் தலையில் மின் கம்பிகளை ஒட்டி, சம்பவத்தை வரிவரியாகப் படித்துக் காட்டி, அவள் வாய் திறக்காமலே மூளையில் "அனுபவ ஞாபகம்" எழுந்தது என்று யந்திரம் சொன்னதையும் ஒரு சாட்சியமாக எடுத்துக்கொண்டு ஆயுள் தண்டனை விதித்தார்கள். அந்தப் பரீட்சை சரியானதுதானா என்று உலகத்து விஞ்ஞானிகள் பலர் அப்போதே கேட்டார்கள். குறி சொல்லுகிறவனைச் சாட்சிக் கூண்டில் ஏற்றியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? குறிகாரனுக்கு உடுக்கை, இதற்குக் கம்பி, அவ்வளவுதான். 2010 மே மாதத்தில் செல்வி எதிர் கர்நாடக சர்க்கார் என்ற வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு, ஒருவருடைய சம்மதமில்லாமல் மயக்க ஊசிப் பரீட்சையோ, பொய் கண்டுபிடிக்கும் பரீட்சையோ, மூளைப் பரீட்சையோ செய்யக்கூடாது என்று தீர்ப்பளித்தது. 2017ல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து அந்தரங்கம் என்பது ஜீவாதார உரிமை என்றார்கள். அதாவது போலீஸ்காரன் உன் மண்டைக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது. கம்பெனிக்காரன் பார்க்கலாமா?

அதற்கு 2023 சட்டத்தில் தெளிவான பதிலைத் தேடினால் அகப்படவில்லை. 2019ல் கொண்டுவந்த மசோதாவில் வியாதி, பரம்பரை விவரம், உடல் அடையாளம், சாதி இவைகளை விசேஷக் காவல் வேண்டியவை என்று தனியாக வைத்திருந்தார்கள். 2023ல் நிறைவேறிய சட்டத்தில் அந்தப் பிரிவையே எடுத்துவிட்டார்கள். பலசரக்குக் கடையில் கொடுத்த டெலிபோன் நம்பரும் மூளை அலையும் அதில் ஒரே தராசு. உத்தியோக சம்பந்தமான காரியத்துக்கும், எஜமானனுக்கு நஷ்டம் வராமல் காப்பதற்கும் சம்மதம் கேட்காமலே விவரத்தை எடுத்தாளலாம் என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் கண்காணித்துத் தொடரக்கூடாது என்று சட்டத்தில் சொல்லிவிட்டு, 2025 நவம்பரில் வந்த விதிகளில் பள்ளிக்கூடத்தாருக்குப் பாட சம்பந்தமாகவும் பிள்ளைகளின் பாதுகாப்புக்காகவும் விலக்குக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீன தேசத்துப் பட்டை இங்கே வந்தால் எந்த வாசலில் நுழையும் என்று உங்களுக்கே தெரிகின்றது. கம்பெனிக்கு 250 கோடி ரூபாய்வரை அபராதம் உண்டு. ஆனால் அது போய்ச் சேருவது மத்திய சர்க்கார் கஜானாவுக்கு. பறிகொடுத்தவனுக்கு நஷ்ட ஈடு இந்தச் சட்டத்தில் ஒரு காசும் இல்லை. பழைய சட்டத்தில் நஷ்ட ஈடு கேட்க இருந்த பிரிவையும் எடுத்துவிட இதிலேயே வழி செய்திருக்கிறார்கள். பொய்ப் புகார் கொடுத்தான் என்று ஏற்பட்டாலோ, புகார் கொடுத்தவனுக்குப் பதினாயிரம் ரூபாய்வரை அபராதமாம்! இவைகளில் பெரும்பாகம் விதிகள் வந்து 18 மாதம் கழித்து, அதாவது 2027ல்தான் அமலுக்கு வருவதாக வைத்திருக்கிறார்கள். ஆகவே திருத்தக் கேட்பதற்கு இது வேளைதான்.

என்ன கேட்கவேண்டும்? சம்மதத்தின் மேலேயே எல்லாப் பாரத்தையும் ஏற்றாதே என்று கேட்கவேண்டும். சிறுநீரகத்தை விற்கச் சம்மதித்தேன் என்று ஒரு ஏழை எழுதிக் கொடுத்தாலும் 1994ம் வருஷத்துச் சட்டப்படி அந்த வியாபாரம் செல்லாது; வாங்குகிறவனும் தரகனும் குற்றவாளிகள். ஏன்? பசித்தவனுடைய சம்மதம் சம்மதமல்ல என்று சட்டமே ஒப்புக்கொண்டிருக்கின்றது. அதே நியாயத்தை மூளை விவரத்துக்கும் பரம்பரை விவரத்துக்கும் நீட்டவேண்டும் என்பதுதான் நமது கோரிக்கை. வைத்தியத்துக்கும், ஆளைத் தெரியாதபடி செய்து ஆராய்ச்சிக்கும் உபயோகிக்கட்டும். விற்பனை கூடாது, ஏலம் கூடாது, எஜமானனும் பள்ளிக்கூடமும் இன்ஷியூரன்சும் கேட்கவே கூடாது, கெடுதி அடைந்தவன் தானே கோர்ட்டுக்குப் போக வழி வேண்டும். இது அதிகம் என்று சொல்லுகிறவர்கள் சொல்லட்டும்.

தோழர் ஒருவர் சீட்டு அனுப்பியிருக்கிறார். தன் மகள் வேலை பார்க்கும் இடத்தில் எல்லோருக்கும் இலவசமாகக் கைக்கடிகாரம் கொடுத்திருக்கிறார்களாம்; நாடித் துடிப்பு, தூக்கம் எல்லாம் அதில் பதியுமாம்; போட்டுக்கொண்டால் இன்ஷியூரன்சில் சலுகையாம்; போடலாமா என்று கேட்கிறார். கடிகாரத்தின்மேல் நமக்குப் பகையில்லை. மகளை மூன்று விஷயம் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். பதிவு யார் யார் கைக்குப் போகின்றது? போடாதவருக்குச் சம்பளத்திலோ, பிரமோஷனிலோ, இன்ஷியூரன்சிலோ ஏதாவது குறையுமா? வேலையை விட்டால் பதிவை அழிப்பார்களா? தனியாகக் கேட்காமல் கூட வேலை செய்கிறவர்கள் பத்துப் பேரையாவது சேர்த்துக்கொண்டு கையெழுத்திட்டுக் கேட்கட்டும். பதில் எழுத்தில் வருகிறவரையில் கடிகாரம் அட்டைப் பெட்டியிலேயே இருக்கலாம். இன்னும் இரண்டு சீட்டுகள் இருக்கின்றன. நேரமாகிவிட்டதாலும், வெளியூர்த் தோழர்கள் கடைசி பஸ்ஸுக்குப் போகவேண்டியிருப்பதாலும், அவைகளுக்கு அடுத்த வாரப் பத்திரிகையில் பதில் எழுதுகிறோம்.